சொதசொத மண்ணில் என்ன வளரும்?

கேள்வி: எங்கள் தோட்டத்தின் ஒரு மூலையில் ஈரம் காய்வதே இல்லை. அங்கே தக்காளி நட்டேன். அடி இலைகள் மஞ்சளாகிச் செடி வாடியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன், செத்தே போய்விட்டது. மண்ணில் சத்து இல்லையா?

சத்து இருந்திருக்கும், காற்றுதான் இல்லை. வேரும் சுவாசிக்கும். மண் துகள்களின் இடைவெளியில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் உள்ளே வருவது கிட்டத்தட்ட நின்றுபோகும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சடைத்த வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் காலடியில் தண்ணீர் நிற்கும்போதே செடி வாடும். பார்க்கிறவருக்குத் தாகம் மாதிரி தெரியும், உடனே வாளியைத் தூக்கிவிடுவார்.

அடி இலை மஞ்சளானதற்கும் காரணம் இதுதான். காற்றில்லாத மண்ணில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட் வடிவில் இருக்கும் தழைச்சத்தை வாயுவாக்கிப் பறக்கவிடுகின்றன. தழைச்சத்து குறைந்ததும் செடி பழைய இலைகளிலிருந்து அதை இழுத்து மேலே உள்ள குருத்துக்கு அனுப்பும். இந்த நேரத்தில் யூரியா போட்டீர்கள் என்றால் அதில் பெரும்பகுதி வீண்.

செத்த செடியைத் தூக்கி எறிவதற்குமுன் வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, விரலால் இழுத்ததும் தோல் உரிந்து நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். மண்ணைக் கொஞ்சம் ஆழத்தில் தோண்டி முகர்ந்தும் பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தாலோ, மண் நீலச் சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே துருப் புள்ளிகளோடு இருந்தாலோ, அங்கே தண்ணீர் நெடுநாளாகக் குடியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு சோதனை. 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். நீங்கள் ஊற்றுவதற்கு முன்பே அடியில் தண்ணீர் ஊறினால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. அங்கே எவ்வளவு ஆழமாகக் கொத்தினாலும் பலனில்லை. ஊறவில்லை என்றால் குழியை நிரப்பி முழுதாக வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு அளவுகோலை நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதும். அதற்கும் குறைவென்றால் பாத்தியை உயர்த்தியே ஆகவேண்டும்.

இன்னொன்று, எனக்கு எழுதுகிறவர்கள் அநேகமாகச் சொல்லாமல் விடுவது: அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரைத் தண்ணீரா, துவைக்கிற தண்ணீரா, கசிகிற குழாயா? ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டாலே தீரக்கூடிய விஷயத்துக்கு மண்ணைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: களிமண்ணில் மணல் கலந்தால் தண்ணீர் வடியுமா? ஜிப்சம் போடலாமா?

மணல் வேண்டவே வேண்டாம். களிமண்ணின் குணம் மாறவேண்டுமானால் மண்ணின் அளவில் பாதிக்கு மேல் மணல் தேவைப்படும். கொஞ்சமாகக் கலந்தால் மணல் துகள்களின் இடைவெளியைக் களி அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் கடப்பாரைதான் வேண்டும். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு ஜிப்சம் நன்றாக வேலை செய்யும். மற்றக் களிமண்ணில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மண் பரிசோதனை செய்யாமல் மூட்டை வாங்காதீர்கள்.

மக்கிய உரத்தை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்து வாருங்கள். அதை ஆண்டுதோறும் செய்யவேண்டும். ஒரே தடவையில் மண் திருந்தாது.

கேள்வி: மேட்டுப்பாத்தி எவ்வளவு உயரம் வேண்டும்? அடியில் சரளைக்கல் போடலாமா?

கீரைக்கு 20 செ.மீ. உயரம் போதும். தக்காளி, மிளகாய்க்கு 30 செ.மீ. இருந்தால் நல்லது. அகலம் 120 செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு பக்கமும் நின்றே கை எட்டும், பாத்தியில் கால் வைத்து மண்ணை மிதித்து இறுக்க வேண்டியிருக்காது.

சரளை வேண்டாம். நுண்ணிய மண்ணில் உள்ள நீர், கீழே பெரிய இடைவெளி இருந்தால் எளிதில் இறங்காது. மேல்மண் நன்றாக நனைந்து கனத்த பிறகே சொட்டும். ஆக, நீங்கள் கல்லைப் போட்டு ஈரத்தை வேருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவருகிறீர்கள். தொட்டிக்கும் இதே கதைதான். கல்லுக்குப் பதில் அந்த உயரத்துக்கும் மண்ணையே போடுங்கள்.

கேள்வி: மழை நின்றதும் கொத்தலாமா?

ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டை அப்படியே பிசைந்த மாவு மாதிரி நின்றால் மண்வெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள்.

கேள்வி: பாத்தி உயர்த்த உடம்பில் தெம்பில்லை. அப்படியே விட்டு என்ன நடலாம்?

நியாயமான கேள்வி. சேப்பங்கிழங்கு, பொன்னாங்கண்ணி, வல்லாரை, கங்குங் எனப்படும் நீர்க்கீரை எல்லாம் அந்த மூலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சேம்பின் தண்டிலும் வேரிலும் காற்று போக வழி இருப்பதால் தேங்கிய நீரிலும் அது தாங்கும். நீர்க்கீரையை மட்டும் ஓடைக்கோ குளத்துக்கோ அருகில் நடாதீர்கள். நழுவிப் போனால் குளத்தையே மூடிவிடும்.

வெங்காயம், கேரட், பீன்ஸ் பக்கமே போகாதீர்கள். தக்காளி இல்லாமல் முடியாது என்றால், கத்தரி வேரில் ஒட்டுக் கட்டிய தக்காளி நாற்று கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். தக்காளி வேரைவிடக் கத்தரி வேர் நீர்த்தேக்கத்தைக் கூடுதலாகத் தாங்கும். சில நாள் வெள்ளத்தில் நின்றாலும் பிழைக்க வாய்ப்புண்டு. நடும்போது ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். புதைத்துவிட்டால் தக்காளித் தண்டிலேயே வேர் விட்டு, ஒட்டுக்குக் கொடுத்த காசு வீணாகிவிடும்.