தாத்தாவோட ஒத்தக்குழல் துப்பாக்கிய வச்சு க்ளே ஷூட்டிங் (பறக்கற தட்ட சுடற விளையாட்டு) ஆரம்பிக்கலாமா, இல்ல புதுசா வாங்கணுமா?

தம்பி, பட்டுக்கோட்டை பக்கம், வயசு 24னு எழுதியிருக்கீங்க. நான் ஒரத்தநாடு, பக்கத்து ஊருங்கற உரிமையில சொல்றேன், இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க.

தாத்தா துப்பாக்கி பயிர் காவலுக்கு வாங்கினதா இருக்கும். லைசென்ஸ் அவர் பேர்ல இருக்கறவரைக்கும் நீங்க அத ரேஞ்சுக்கு எடுத்துட்டு போகக்கூடாது. பேர் மாத்தினாலும், ட்ராப்ல (தட்டு உங்கள விட்டு விலகிப் பறக்கற வகை) ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி உண்டு, முதல் வெடி தப்பினா உடனே ரெண்டாவது, ஒத்தக்குழல்ல அது நடக்காது.

முதல்ல உங்க கண்ண பாருங்க. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி, விரலுக்கு நடுவுல சின்ன ஓட்டை விட்டு, ரெண்டு கண்ணையும் திறந்தபடியே எதிர்ல இருக்கற தென்னங்குலை ஒண்ண அதுக்குள்ள வச்சு பாருங்க, அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடுங்க, எந்தக் கண்ண மூடினா குலை காணாம போகுதோ அதான் உங்க மாஸ்டர் கண்ணு. எனக்கு சோத்துக்கை பழக்கம், துப்பாக்கி வலது தோள்ல, மாஸ்டர் கண்ணு மட்டும் இடது, அதனால குறி தப்பும். இது தெரியாம நாலு மாசம் சுட்டேன், ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, அதுல 6, 7க்கு மேல உடையல, ராத்திரி தூக்கம் வராது. கடைசியில கோச் என் கண்ணாடியோட இடது பக்கத்துல நகம் அளவுக்கு மங்கலான டேப் ஒட்டி விட்டார். அன்னிக்கு ரெண்டாவது தட்டு கறுப்புப் புகையா பொடிஞ்சத பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. (தட்டுன்னா 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம், க்ளேன்னு பேர் இருந்தாலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து அச்சுல வார்க்கறது.)

இன்னொரு தப்பும் பண்ணினேன். ஒரு கடையில பழைய துப்பாக்கி ஒண்ணு பார்க்க அழகா இருக்குன்னு வாங்கிட்டேன், எனக்கு ஸ்டாக் (தோள்ல வைக்கற கட்டை) நீளம், தூக்கும்போதெல்லாம் அக்குள்ல சட்டைய பிடிச்சு இழுக்கும், அவசரத்துல தோள்குழிக்கு பதிலா புஜத்துல உக்காரும், ரெண்டு ரவுண்டு முடிஞ்சா நாவப்பழம் மாதிரி கன்னிப்போயிடும். ஷாட்கன்ல பின்பக்க குறி கிடையாது, உங்க கண்ணுதான் அந்த வேலைய செய்யுது, அதனால கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல படியணும். இது சரியா அமையாட்டி எவ்வளவு விலை கொடுத்தும் பிரயோஜனம் இல்லீங்க. ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் சாதாரண லைசென்ஸ்ல ரெண்டு துப்பாக்கிதான், விக்கறதும் பைக் விக்கற மாதிரி இல்ல, ஏகப்பட்ட எழுத்து வேலை.

அதனால கிளப்ல சேர்ந்து, அங்க இருக்கற துப்பாக்கியில கோச் பார்வையில கொஞ்ச மாசம் சுடுங்க. நம்ம பக்கத்துல புதுக்கோட்டைய விசாரிங்க, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ட்ராப் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமானோட ஊரு அது, ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ட்ராப் டீம் தங்கத்துலயும் அவர் இருந்தார்.

வாங்கற நேரம் வரும்போது 12 போர் (குழல் துவாரத்தோட அளவு), மேல ஒண்ணு கீழ ஒண்ணா குழல் இருக்கற ஓவர் அண்ட் அண்டர் எடுங்க. ட்ராப்னா 30 இன்ச் குழல், டைட்டான சோக் (குழல் வாயில இருக்கற குறுகல்), ஏன்னா தட்டு உங்கள விட்டு விலகி ஓடும், 30 மீட்டருக்கு மேல போனப்புறம்தான் உங்க ஈயக்குண்டு அத பிடிக்கும். இன்னொரு வகையான ஸ்கீட்னா தட்டு குறுக்க, கிட்டயே போகும், 28 இன்ச்சும் திறந்த சோக்கும் போதும். சோக் மாத்திக்கற மாதிரி இருந்தா இன்னும் நல்லது. ரொம்ப லேசான துப்பாக்கிக்கு ஆசப்படாதீங்க, மூணரை கிலோ பக்கம் இருந்தாதான் உதையத் தாங்கும், தட்டு கூடவே குழல வீசற வீச்சும் நடுவுல நிக்காது. தோட்டா செலவையும் இப்பவே கணக்கு போடுங்க, ஒரு நாளைக்கு நாலு ரவுண்டுன்னா குறைஞ்சது 100 தோட்டா.

காது அடைப்பும் கண்ணாடியும் முதல் நாள்லேர்ந்தே வேணும். சுடற இடத்துல நிக்காத நேரமெல்லாம் துப்பாக்கி நடுவுல மடக்கித் திறந்து, தோட்டா இல்லாம காலியா இருக்கணும், இதுல யாருக்காகவும் விட்டுக் கொடுக்காதீங்க.

கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு எந்தக் கண்ணுன்னு இங்கயே எழுதுங்க தம்பி, இடதுன்னா எந்தத் தோள்ல வச்சு பழகறதுன்னு பேசுவோம்.