நீர், காற்று போன்ற பாய்பொருள்களின் ஓட்டத்தை ஆராயும் பாய்ம இயக்கவியல் ஆய்வுகளால் மருத்துவத்துக்கும் மின் உற்பத்திக்கும் என்ன பயன்?

இத்துறையின் அடிப்படை விதிகளில் ஒன்றைக் கண்டறிந்தவரே ஒரு மருத்துவர்தான். பிரான்ஸைச் சேர்ந்த புவாசேய், இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்வதற்காக, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்தார். அவர் கண்டது இதுதான்: அழுத்த வேறுபாடு மாறாதபோது, சீரான ஓட்டத்தின் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

நிஜமான இதயத் தமனி இவ்வளவு எளிமையானதல்ல. அது வளைகிறது, கிளைக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறது. அடைப்பைத் தாண்டியபின் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பதே மருத்துவருக்கு முக்கியம். அடைப்புக்குப் பின்னுள்ள அழுத்தம், முன்பிருக்கும் அழுத்தத்தில் 0.80 பங்கு அல்லது அதற்கும் கீழே போனால், ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) போன்ற சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். இதை அளக்கத் தமனிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்த வேண்டும். இப்போது சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து தமனியின் வடிவத்தை எடுத்து, பாய்மங்களின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து, கம்பியே இல்லாமல் இதை மதிப்பிட முடிகிறது. அமெரிக்காவில் இம்முறைக்கு 2014-இல் அனுமதி கிடைத்தது. இத்துறை மனிதருக்குச் செய்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்றாக இதைக் கருதுகிறேன்.

மின் உற்பத்தியில் காற்றாலைகளைப் பாருங்கள். காற்றில் கிடைக்கும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். முன்னாலுள்ள காற்றாலையைக் கடந்த காற்று வேகம் குறைந்து, கொந்தளிப்போடு பின்னாலுள்ளதை அடைகிறது. முப்பந்தல் போல நெருக்கமாகக் காற்றாலைகள் நிற்கும் இடங்களில் இது பெரிய விஷயம். முன்னாலுள்ளதைக் காற்றின் திசையிலிருந்து சில பாகை திருப்பினால், அந்தத் தளர்ந்த காற்று பக்கவாட்டில் விலகிப்போகும். திருப்பிய காற்றாலை சிறிது இழந்தாலும், தகுந்த காற்று நிலைகளில் மொத்த உற்பத்தி கூடுகிறது.