கார்பன் நானோகுழாய்ப் பூச்சு மின்காந்த அலையை உறிஞ்சுமா, திருப்பி அனுப்புமா?

பிளாஸ்டிக் பெட்டிக்குக் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்) கலந்த பூச்சு அடித்தால் உலோகப் பெட்டியைப் போல மின்காந்த இரைச்சலைத் தடுக்குமா, அலையை உண்மையிலேயே உறிஞ்சுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்கும், உறிஞ்சுமா என்பது பூச்சைத் தயாரித்த விதத்தைப் பொறுத்தது.

கடலூர் முதுநகரில் விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். உப்புக்காற்றில் அலுமினியப் பெட்டியின் மூடி விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மூடிக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்து, அந்த இடுக்கே ஆன்டெனாவைப் போல அலையை உள்ளே விட்டுவிடும். அரிக்காத காப்பைத் தேடித்தான் இந்தப் பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

1991-இல் ஜப்பானிய அறிவியலாளர் சுமியோ இஜிமாவின் கட்டுரை வெளிவந்த பிறகு உலகின் கவனத்துக்கு வந்த இக்குழாய்களின் விட்டம் ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முதல் சில பத்து நானோமீட்டர் வரைதான். நீளமோ அதைப்போலப் பல நூறு, ஆயிரம் மடங்கு. எனவே எப்பாக்சிப் பிசினில் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகச் சீராகக் கலந்தாலே ஒன்றையொன்று தொட்டு, மின்சாரம் ஓடும் வலையாகிவிடுகின்றன. சீராகக் கலப்பதுதான் கடினம். அவை ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும் என்பதால் தூளை வாங்கிக் கையால் கலக்காதீர்கள்.

கடத்துதிறன் மிகுந்தால் அலை உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே பெருமளவு திரும்பிவிடும். வெற்றுவெளியின் மின்மறுப்பு, அதாவது அலையில் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 377 ஓம். பூச்சின் முகப்பு அதற்கு இசைந்தால்தான் அலை நுழையும், போதிய தடிமன் இருந்தால்தான் உள்ளே வெப்பமாகக் கரையும். அதனால்தான் வெளியடுக்கில் குழாயைக் குறைத்தும் உள்ளடுக்கில் கூட்டியும், சில வேளை ஃபெரைட் என்னும் காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுப் பொருளைச் சேர்த்தும் பூசுகிறார்கள். தடுப்பு 30 டெசிபல் என்று விற்பவர் சொன்னால், ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே கடந்து செல்கிறது என்று பொருள். மீதி உறிஞ்சப்பட்டதா, திரும்பியதா என்பதைத் தனியே கேட்டுப் பெறுங்கள். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டே இரைச்சலை எழுப்பினால், திருப்பி அனுப்பும் பூச்சு அதைப் பெட்டிக்குள்ளேயே அலையவிடும்.

பிளாஸ்டிக்கின் மேல், மூடி விளிம்பு வரை விடுபடாமல் பூசுங்கள். வெற்று அலுமினியத்தின் மேல் பூசவே வேண்டாம். உப்புநீர் பட்டால் கார்பனைத் தொடும் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், தூள் மூச்சில் போகலாம். பலசுவர்க் குழாய்களில் (ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நானோகுழாய்கள்) ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.