தகப்பன் பெயர் இல்லாத ஞானஸ்நானப் பதிவு

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர், லெஸ்டரில் வசிக்கிறோம். நார்ஃபோக் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பண்ணைக் கூலியாளாக இருந்த அவருடைய முன்னோர் ஒருவருக்கு 1841 சென்சஸில் வயது 25, 1851இல் 37 என்று இருக்கிறது. 1839இல் மணமுடித்திருக்கிறார். அவர் பெயரில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள் கிடைத்தன. ஒன்று அதே ஊரில், 1814 ஜனவரியில், தாயின் பெயர் மட்டும் உள்ளது. மற்றது பக்கத்து ஊரில், 1816 ஏப்ரலில், பெற்றோர் இருவர் பெயரும் உள்ளது. இணையத்தில் உள்ள வம்சாவளிகள் எல்லாம் இரண்டாவதை எடுத்துக்கொண்டு 16ஆம் நூற்றாண்டின் நிலக்கிழார் குடும்பம் ஒன்றில் போய் முடிகின்றன. மாமியாருக்கு அதில் பெரும் பெருமை. எதை நம்புவது?

பதில்: இந்தக் குழப்பத்துக்கு வித்திட்டது அந்த 25 என்ற எண்தான் என்று நினைக்கிறேன். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவு இருந்ததால், அங்கே 25 என்பது 25 முதல் 29 வரை எதுவாகவும் இருக்கலாம். அதை அறியாத யாரோ ஒருவர் 41இல் 25ஐக் கழித்து 1816 என்று முடிவுகட்ட, மற்றவர்கள் அதைப் படியெடுத்திருப்பார்கள்; ஒரே தவறு இருபது பட்டியல்களில் இருப்பதனால் அது இருபது சாட்சிகள் ஆகிவிடாது. 1851இல் சொன்ன 37, 1814 ஜனவரியோடு சரியாகப் பொருந்துகிறது. 1816இல் பிறந்தவருக்கு அப்போது 34 அல்லது 35 தான். ஆனால் ஏழைகளின் வயது ஓரிரு ஆண்டுகள் முன்பின்னாக எழுதப்படுவது சகஜம் என்பதால் வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. 1851 தாளில் பிறந்த ஊருக்கென்றே ஒரு பத்தி உண்டு. அச்சேற்றிய சுருக்கத்தை விட்டுவிட்டு மூலத்தின் படத்தில் அதைப் பாருங்கள்.

அடுத்து, 1839 திருமணச் சான்றிதழ். 1837 ஜூலை முதல் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் கேட்கப்பட்டன. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கூச்சத்தினால் சிலர் மாற்றாந்தந்தையின் பெயரையோ கற்பனைப் பெயரையோ சொன்னதும் உண்டு என்பதை மறவாதீர்கள். தேவாலயத்தில் மணம் நடந்திருந்தால் அங்கே இருந்த பதிவேட்டையும் பாருங்கள். தலைமைப் பதிவகத்திடம் இருப்பது நகல், மணமகன் தன் கையால் இட்ட கையெழுத்தோ, எழுதத் தெரியாதவரானால் அதற்குப் பதிலாக இட்ட பெருக்கல் குறியோ தேவாலயப் பதிவேட்டில்தான் இருக்கும்.

பக்கத்து ஊர்க் குழந்தை என்ன ஆனது என்பதையும் தேடியாக வேண்டும். 1813 முதல் அடக்கப் பதிவேடு அச்சிட்ட படிவத்தில், இறந்தவரின் வயதையும் வசிப்பிடத்தையும் சேர்த்து எழுதப்பட்டது. அந்தச் சிறுவன் இரண்டு வயதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தாலோ, 1851இல் வேறு வீட்டில் வேறு மனைவியோடு இருந்தாலோ, நிலக்கிழார் கதை அத்தோடு முடிந்தது.

1814 பதிவுதான் உங்களுடையது என்று தெரிந்தால், வழி அடைபட்டதாக எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம். உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. நம் ஊரில் ஓவர்சியர் என்றால் பொதுப்பணித் துறை நினைவுக்கு வரும். அன்றைய ஆங்கிலேயக் கிராமத்தில் ஓவர்சியர் என்பவர், ஊராரிடம் வரி வசூலித்து ஏழைகளுக்குப் படியளந்தவர். மணமாகாத தாயின் குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரே அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஆகவே கருவுற்ற பெண்ணை நீதிபதிகள் முன் நிறுத்தி, சத்தியத்தின் பேரில் தகப்பன் பெயரைச் சொல்லவைத்து, அவனிடமிருந்து வாரப் பணத்துக்கு உறுதிப் பத்திரம் எழுதி வாங்குவதில் ஓவர்சியர்கள் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். அவள் வேற்றூர்க்காரி என்றால், பிரசவத்துக்கு முன்பே வெளியேற்ற ஆணை பெற்று அவளைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிடவும் தயங்கவில்லை. இரக்கமற்ற ஏற்பாடுதான், ஆனால் ஊர்க் காசைக் காப்பாற்ற அவர்கள் எழுதிவைத்த அந்தத் தாள்களில், ஞானஸ்நானப் பதிவேடு சொல்லாமல் விட்ட பெயர் இருக்கக்கூடும்.

எல்லா ஊர்களின் தாள்களும் எஞ்சவில்லை. எஞ்சியவை தேவாலயப் பெட்டிகளிலிருந்து பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குச் சென்றுவிட்டன. உங்களுக்கு வேண்டியது நார்விச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகம். அதன் இணையப் பட்டியலில் ஊர்ப் பெயரோடு ஓவர்சியர் கணக்குகள், ஓர் ஏழையைக் காப்பாற்ற வேண்டிய ஊர் எது என்று தீர்மானிக்க நடத்திய விசாரணைகள், மணமாகாத தாய்மார் தொடர்பான பத்திரங்கள் ஆகியவற்றைத் தேடுங்கள். உறுதிப் பத்திரம் அழிந்துபோயிருந்தாலும், இன்னாரிடமிருந்து இன்னாள் குழந்தைக்கு வந்த தொகை என்று கணக்கேட்டில் ஒரு வரி கிடைக்கலாம்.

மாமியாரிடம் இப்போதே எதையும் மறுத்துப் பேசாதீர்கள். திருமணச் சான்றிதழ் வந்ததும் அதை அவர் கையில் கொடுத்து அவரையே படிக்கச் சொல்லுங்கள். பிறகு நார்விச்சுக்குச் சேர்ந்தே போய் வாருங்கள். பேனாவுக்கு அங்கே அனுமதி இருக்காது, ஆளுக்கொரு பென்சில் எடுத்துச் செல்லுங்கள்.