பிரெஞ்சு வினைகள்: ஏட்டில் எத்தனை அசை, வாயில் எத்தனை அசை?

கேள்வி: ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதற்குரிய வினை இ-என்-டி என்று முடிகிறது. ‘பார்லான்’ என்று படித்தேன், ஆசிரியை சிரித்துவிட்டார். ஏன்?

பதில்: படர்க்கைப் பன்மை வினையின் ஈற்றில் நிற்கும் அந்த மூன்று எழுத்துகளுக்கும் ஒலி கிடையாது. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் ஆகிய நான்கும் ஏட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டாலும் காதுக்கு ‘பார்ல்’ என்னும் ஓரசைதான். பெயர்ச்சொல்லின் ஈற்றில் அதே எழுத்துகள் மூக்கொலியாகும். ‘கன்னியர் மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன’ என்ற பழைய பயிற்சி வாக்கியத்தில் மடத்துக்கும் அடைகாத்தலுக்கும் எழுத்து ஒன்றே. ஆனால் மடம் ‘கூவான்’, வினை ‘கூவ்’. இவற்றைத் தமிழ் எழுத்தில் குறித்து மனப்பாடம் செய்யாதீர்கள். நான் இங்கே எழுதுவது வேறு வழியில்லாமல்.

கேள்வி: எதிர்கால வடிவத்தின் நடுவில் வரும் ‘எ’ ஒலிக்குமா?

பதில்: நல்ல கேள்வி. அந்த எகரம் ஏறத்தாழ நம் குற்றியலுகரம் போன்றது. இடம் பார்த்துத் தேயும். ‘கொடுப்பேன்’ என்பது ஏட்டில் மூன்று அசை, பேச்சில் ‘தொன்-ரே’ என இரண்டு. ‘பேசுவேன்’ என்பதிலோ எகரத்தை விழுங்கினால் ர், ல், ர் என மூன்று மெய்கள் மோதிக்கொள்ளும் என்பதால், பிரெஞ்சு மொழியியலாளர் மொரிஸ் கிராமோன் வகுத்த மூன்று மெய் விதிப்படி அது நிலைத்து, ‘பார்-லெ-ரே’ என்றே ஒலிக்கிறது. ‘நாங்கள் கொடுப்போமே’ என்னும் நிபந்தனை வடிவத்தில் ‘ரியோன்’ பின்னால் வருவதால், விழுந்த எகரம் திரும்பி வந்து ‘தொ-னெ-ரியோன்’ ஆகும். மரபுச் செய்யுளில், 12 அசை அடியை அளக்கும்போது, மெய்க்கு முன் வரும் எகரத்தை எண்ணியே தீரவேண்டும்.

கேள்வி: ‘முடிக்கிறார்கள்’ என்பதில் இ-என்-டி ஒலிக்குமா?

பதில்: ஒலிக்காது, முதல் பதிலைப் பாருங்கள். இங்கே பன்மையைக் காட்டுவது முன்னுள்ள மெய்: ஒருமை ‘ஃபினி’, பன்மை ‘ஃபினிஸ்’.

கேள்வி: தன்மை ஒருமையில் எதிர்காலத்தையும் நிபந்தனை வடிவத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

பதில்: இலக்கணப்படி எதிர்கால ஈறு வாயைக் குறுக்கிய ஏகாரம், மற்றது வாயை அகலத் திறந்தது. தமிழில் எ, ஏ வேறுபாடு அளவைப் பற்றியது, வாய்த் திறப்பைப் பற்றியதன்று. ஆகவேதான் தமிழ் எழுத்து இங்கே கைவிடுகிறது.

மறுப்பு: பாரிசில் 20 ஆண்டுகளாக வாழ்கிறேன். என் அலுவலகத்தில் ஒருவர்கூட இப்படிப் பிரிப்பதில்லை, ஐயா.

பதில்: பலர் பிரிப்பதில்லை என்பது உண்மைதான். தென் பிரான்சில் அசையிறுதியில் குறுகிய ஒலியே பொது வழக்கு. அதைப் பிழை என்று நான் சொல்லவில்லை.

மறுப்பு: அப்படியானால் ஏன் கற்பிக்க வேண்டும்?

பதில்: தன்மை ஒருமையில் நிபந்தனை வடிவத்தின் ஈற்றில் மட்டும் ஒரு ‘எஸ்’ எழுதவேண்டும். எழுதும்போது அந்த ‘எஸ்’ கூடுமா குறையுமா என்று காது சொல்லாவிட்டால், பிரெஞ்சு மாணவரே தடுமாறுகிறார். ‘நான்’ இருக்குமிடத்தில் ‘நாங்கள்’ போட்டுப் பாருங்கள்: ‘பார்லெரோன்’ வந்தால் எதிர்காலம், ‘பார்லெரியோன்’ வந்தால் நிபந்தனை. காது மங்கிய இடத்தில் இந்தச் சோதனை தவறுவதில்லை.

கேள்வி: ‘சாப்பிடுகிறார்கள்’ என்பதில் இ-என்-டி?

பதில்: ஒலிக்காது.

கேள்வி: எந்த இடத்திலுமே ஒலிக்காதா?

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. ‘அவர்கள் பேசுகிறார்களா?’ என்று பிரதிப்பெயரை வினைக்குப் பின்னால் மாற்றி வைத்தால், ஊமையாய்க் கிடந்த ‘டி’ எழுந்து அடுத்த அசைக்குத் தலையாகிறது: ‘பார்ல்-தீல்’. அப்போதும் ‘என்’ ஒலிக்காது.