சேலைப் போர்வையும் அறுந்துபோகும் நூலும்

சகோதரி, மயிலாடுதுறையில் பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தையல் மெஷினில் போர்வை தைக்கிறீர்கள், நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நூலைத் திட்டுவதற்கு முன் ஊசியைப் பாருங்கள். ரவிக்கை தைக்கும் 11ஆம் எண் ஊசி இத்தனை மடிப்பில் திணறும். அதைவிடத் தடித்த 14 போடுங்கள், அதுவும் திணறினால் 16. முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் முனையில் பிசிறு இருக்கிறது, தூக்கிப் போடுங்கள்.

நூலுக்கு 40ஆம் எண் பருத்தி போதும். மினுமினுக்கும் எம்பிராய்டரி நூல் அழகுதான், இழுப்பைத் தாங்காது.

உள்ளே இலவம்பஞ்சு வேண்டவே வேண்டாம். துவைத்தால் மூலையில் திரண்டுவிடும். நைந்த வேட்டி ஒன்றை விரித்து வையுங்கள், ஐப்பசி மழையிலும் சீக்கிரம் காயும். புதுத்துணி சேர்ப்பதானால் வெட்டுவதற்கு முன் அலசிவிடுங்கள். சிவப்புச் சாயத்தை நான் நம்புவதே இல்லை.