525 மடங்கு டெலஸ்கோப்பா, சாதாரண பைனாகுலரா?

கேள்வி: இரவு வானம் பார்க்கும் ஆசை புதிதாக வந்திருக்கிறது. ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் போட்டிருக்கும் 60 மி.மீ. டெலஸ்கோப்பை வாங்கலாம் என்றிருந்தேன். பைனாகுலரே போதும் என்கிறார் நண்பர். எதை வாங்குவது?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள்.

டெலஸ்கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது முன்பக்க லென்ஸின் விட்டம். அது எத்தனை மி.மீட்டரோ, அதைப்போல் இரண்டு மடங்குதான் உருப்படியான உருப்பெருக்கத்துக்கு எல்லை. 60 மி.மீ. லென்ஸுக்கு 120 மடங்கு. அதுவே நல்ல லென்ஸாக இருந்தால். அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், கூடவே மங்கிக் குழம்பும். உருப்பெருக்கம் கூடக்கூட ஆட்டமும் கூடும். இந்த ரகத்தோடு வரும் ஒல்லி ஸ்டாண்டில் கை பட்டாலே நிலா பார்வையை விட்டு ஓடிவிடும். பெட்டியில் அந்த 525 விற்பனைக்காக இருக்கிறது, வானத்துக்காக இல்லை.

10x50 பைனாகுலர் என்றால் 10 மடங்கு பெரிதாக்கும், லென்ஸ் 50 மி.மீ. நன்கு இருட்டில் நம் கண்மணி விரிவது அதிகபட்சம் 7 மி.மீ. அளவுதான். ஆக, பரப்பளவைக் கணக்கிட்டால் வெறுங்கண்ணைவிடச் சுமார் 50 மடங்கு ஒளி உள்ளே வருகிறது. கையில் பிடித்துப் பார்க்க 10 மடங்குதான் வரம்பு. கை நடுங்குமென்றால் 7x50 எடுங்கள். சாய்வு நாற்காலியில் படுத்த மாதிரி உட்கார்ந்து, முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டால் ஆட்டம் பெருமளவு அடங்கும். வாங்கும்போதே தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரட்டையாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ அந்தப் பைனாகுலர் வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது? நிலாவிலிருந்து தொடங்கலாம், ஆனால் பௌர்ணமியன்று வேண்டாம். அன்று நிழலே விழாததால் நிலா தட்டையாகத் தெரியும். வளர்பிறையில் பாதி நிலா இருக்கும்போது, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்கள் துல்லியமாகத் தெரியும். அப்புறம் வியாழன். 1610-இல் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்களும் அதன் பக்கத்தில் சிறு புள்ளிகளாகத் தெரியும். சில வேளை ஒன்றிரண்டு மறைந்திருக்கும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். கார்த்திகைக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரங்கள்தான், பைனாகுலரில் டஜன் கணக்கில். சனியின் வளையம் மட்டும் இதில் கிடைக்காது, அதற்கு 25 மடங்காவது வேண்டும்.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் கைபேசித் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு விளக்கு. எது எங்கே இருக்கிறது என்று தேட, கணினிக்கான ஸ்டெல்லேரியம் மென்பொருள் இலவசம்.

சூரியன் பக்கம் மட்டும் பைனாகுலரைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகலில் உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

சில மாதம் கழித்தும் ஆசை குறையாவிட்டால் லென்ஸுக்குப் பதில் 6 அங்குல விட்டமுள்ள குழியாடி வைத்த டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்குங்கள். தரையில் உட்காரும் கனமான மரப்பெட்டிதான் அதன் ஸ்டாண்ட், ஆடாது. அப்போதும் பைனாகுலரை விற்றுவிடாதீர்கள். ஆண்ட்ரோமெடா விண்மீன் பேரடையை (கேலக்ஸி) முழுசாகப் பார்க்க அதன் அகலமான பார்வைதான் வசதி.